அரசு ஆஸ்பத்திரிக்குத் தோள் கொடுக்கும் அறக்கட்டளை மருத்துவமனை: டர்பன் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

டர்பன் பக்கம் ஒரு சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ கையில் நாலு காசு சேர்ந்துவிட்டால், இல்லை வயதான ஒருவர் தன் வீட்டைப் பொதுக்காரியத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டால், அடுத்த கூட்டத்திலேயே யாராவது எழுந்து "நாமே ஒரு ஆஸ்பத்திரி கட்டினால் என்ன?" என்று கேட்டுவிடுவார். நல்ல கேள்வி. கட்டலாம், தப்பே இல்லை. ஆனால் யாருக்கு, எதற்கு என்று தீர்மானிக்காமல் கட்டடத்தில் இறங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும்: மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தனியார் கிளினிக் கிடைக்கும், அல்லது நாலைந்து வருடத்தில் கதவுக்குப் பூட்டு விழும். எது நடந்தாலும் ஆர். கே. கான் அரசு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிற பாட்டிக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்தப் பாட்டியை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். லாப நோக்கமில்லாத தனியார் மருத்துவமனை என்றால், அரசு மருத்துவமனை சுமக்கிற பாரத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும், அங்கே வரிசை குறைந்ததா என்பதை வைத்துத்தான் தன்னை அளந்து பார்க்க வேண்டும். கட்டடம், பெயர்ப்பலகை, திறப்பு விழா எல்லாம் அப்புறம்.

தென்னாப்பிரிக்காவில் நூற்றுக்கு ஏறக்குறைய 16 பேரிடம்தான் மெடிக்கல் எய்ட் இருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் நாட்டின் மக்கள்தொகை சுமார் 6 கோடி 20 லட்சம், அப்படியானால் 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அரசு கிளினிக்கையும் அரசு ஆஸ்பத்திரியையும் நம்பி இருக்கிறார்கள். எவ்வளவு பெரிய சங்கமாக இருந்தாலும் அத்தனை பேருக்கும் மாற்று ஏற்பாடு செய்ய முடியாது. இருப்பதைப் பலப்படுத்த முடியும்.

நமக்கு இது புதிதும் இல்லை. 1890களின் இறுதியில், செயின்ட் எய்டன்ஸ் மிஷனின் டாக்டர் பூத், பார்சி ருஸ்தம்ஜி கொடுத்த நன்கொடையில் டர்பனில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி நடத்தினார். காந்தி தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் அங்கே போய், நோயாளிகள் சொல்வதைக் கேட்டு டாக்டரிடம் சொல்வதும் மருந்து எடுத்துக் கொடுப்பதுமாக இருந்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், அதில் தமிழர் நிறையப் பேர். சாட்ஸ்வொர்த்தில் 1969ல் திறந்த பெரிய ஆஸ்பத்திரியும் ஆர். கே. கான் என்ற வழக்கறிஞரின் பெயரால் ஏற்பட்ட அறக்கட்டளையிலிருந்து வளர்ந்ததுதான், இன்று மாகாண அரசு நடத்துகிறது. நம் பாட்டன்மார் பள்ளிக்கூடம் கட்டியது எப்படி என்று நினைத்துப் பாருங்கள். சமுதாயம் வீடு வீடாகப் பணம் திரட்டிக் கட்டடம் எழுப்பும், அரசு தன் பங்கைப் போட்டு ஆசிரியர் சம்பளத்தை ஏற்கும். அரசு உதவி பெற்ற அந்தப் பள்ளிகளில் படித்துத்தான் நேட்டாலில் ஒரு தலைமுறையே மேலே வந்தது. மருத்துவத்திலும் அதே முறையைத்தான் நான் சொல்கிறேன்.

எந்த வரிசை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தியாகராஜ் சுப்பிரமணி என்ற பெயரைத் தென்னாப்பிரிக்காவில் சட்டம் படித்த எல்லோருக்கும் தெரியும். நம் சங்கக் கூட்டங்களில்தான் யாரும் பேசுவதில்லை. டர்பன்காரர், 41 வயது, வேலை இல்லை, சர்க்கரை நோயும் இதய நோயும் இருந்தன, 1996ல் பக்கவாதம் வந்தது, அதே வருடம் சிறுநீரகமும் செயலிழந்தது. கையில் பணம் இருந்தவரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். பணம் தீர்ந்ததும் ஆடிங்டன் அரசு ஆஸ்பத்திரியை நாடினார். அங்கே இருந்தது 20 இயந்திரம், அதிலும் சில பழசு. வருகிற நோயாளிகளில் நூற்றுக்கு 30 பேரைத்தான் சேர்க்க முடிந்தது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவர்களுக்கு முதலிடம் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். இதய நோய் இருந்ததால் இவர் அந்த விதிக்குள் வரவில்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 1997 நவம்பர் 27ல், ஆஸ்பத்திரி எடுத்த முடிவில் தவறில்லை, இருக்கிற வசதியைப் பங்கிட வேண்டியிருக்கிறது என்று தீர்ப்பு வந்தது. சில நாளில் அவர் இறந்துபோனார்.

அந்தத் தீர்ப்பைப் படிக்கிற யாருக்கும் நெஞ்சு கனக்கும். சங்கம் நடத்துகிறவர்கள் அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருக்கு இல்லாமல் போனது ஒரு முழு ஆஸ்பத்திரி இல்லை. டாக்டர் இருந்தார், வார்டு இருந்தது, ஆம்புலன்ஸ் இருந்தது. வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் உட்கார ஒரு நாற்காலியும் பக்கத்தில் ஒரு இயந்திரமும் இல்லை. முடிச்சு அங்கே ஒரே இடத்தில் இருந்தது.

அதனால் கட்டடக்கலைஞரைக் கூப்பிடுவதற்கு முன்னால் உங்கள் பகுதி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாட்ஸ்வொர்த் ஆனால் ஆர். கே. கான், பீனிக்ஸ் ஆனால் மகாத்மா காந்தி நினைவு ஆஸ்பத்திரி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆனால் நார்த்டேல். நிர்வாகத் தலைவருக்குக் கடிதம் எழுதி நேரம் வாங்குவது சரிதான், அதோடு நிற்காதீர்கள். ஓபிடி சிஸ்டரிடமும், ஆபரேஷன் தேதி எழுதுகிற கிளார்க்கிடமும், சமூக சேவகரிடமும் பேசுங்கள், முடிச்சு எங்கே என்று அவர்களுக்குத்தான் தெரியும். மூன்று விஷயம் கேளுங்கள். எந்தப் பட்டியலில் தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போகிறது? வீட்டுக்கு அனுப்பலாம் ஆனால் அனுப்ப முடியவில்லை என்று எத்தனை பேர் படுக்கையில் கிடக்கிறார்கள்? எந்த நோயாளியை "இங்கே முடியாது" என்று வேறு இடத்துக்கு அனுப்புகிறீர்கள்?

விடியற்காலையில் ஒருமுறை அந்த வாசலில் போய் நின்றும் பாருங்கள். இருட்டு விலகுவதற்கு முன்பே முதல் டாக்சியில் வந்து இறங்கியிருப்பார்கள். பிளாங்கெட் போர்த்திக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கார்டையும் மருந்துச் சீட்டையும் செக்கர்ஸ் கடைப் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, பிளாஸ்கில் டீயும் இரண்டு துண்டு ரொட்டியும் வைத்துக்கொண்டு. சர்க்கரைக்காரருக்குக் காலில் கட்டு. அவர் மதியம் வரை அங்கேதான் இருப்பார், ஒரு டிரெஸ்ஸிங் மாற்றுவதற்காக. அந்த டிரெஸ்ஸிங்கை அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல நர்ஸ் மாற்ற முடியும். இப்படி ஒவ்வொருவரையும் பார்த்து, இவர் எதற்காக இங்கே வந்திருக்கிறார், வேறெங்கே இது முடியும் என்று யோசித்தாலே உங்கள் திட்டத்தில் பாதி கிடைத்துவிடும்.

நான் பார்த்த வரையில் அறக்கட்டளைகள் எடுத்துச் செய்யத் தகுந்த வேலைகள்: கண்புரை ஆபரேஷன், டயாலிசிஸ், ஆறாத புண்ணுக்கான சிகிச்சை, பக்கவாதம் வந்தவர்களுக்கு இடைக்காலப் படுக்கை, கடைசிக்கால வலி நிவாரணம். காசுவல்டி, பிரசவம், தீவிர சிகிச்சை இவற்றில் கை வைக்காதீர்கள். செலவு கைமீறிப் போகும், இரவு பகல் ஆள் வேண்டும், ஏதாவது ஒன்று சறுக்கினால் உயிர் போகும்.

இடைக்காலப் படுக்கை பலருடைய கண்ணில் படுவதில்லை, ஆனால் அரசுக்கு அது பெரிய உதவி. பக்கவாதம் வந்த ஒருவருக்கு மருத்துவம் முடிந்துவிட்டது, இனி உடற்பயிற்சியும் பராமரிப்பும்தான். வீட்டில் மனைவி வேலைக்குப் போகிறாள், மாடிப்படி வேறு. அவர் வார்டிலேயே கிடக்கிறார். அந்தப் படுக்கைக்காகக் கீழே காசுவல்டியில் ஒருவர் ஸ்ட்ரெச்சரில் காத்திருக்கிறார். 20 படுக்கையும், ஒரு பிசியோதெரபிஸ்டும், நல்ல நர்ஸுகளும் இருந்தால் அந்த அடைப்பை நீங்கள் எடுத்துவிடலாம், பெரிய இயந்திரம் எதுவும் வாங்காமலே.

டயாலிசிஸ், கண்புரை: கொஞ்சம் விரிவாக

டயாலிசிஸில் கணக்கு இப்படி. ஒருவருக்கு வாரம் மூன்று முறை. திங்கள், புதன், வெள்ளி ஒரு கூட்டம், செவ்வாய், வியாழன், சனி இன்னொரு கூட்டம். ஒரு நாளைக்கு இரண்டு ஷிஃப்ட் என்றால் ஒரு இயந்திரத்துக்கு நாலு நோயாளி. ஆறு இயந்திரம் வாங்கினால் 24 பேர். இயந்திரத்தின் விலையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் அது சின்னச் செலவு, ஒரு வள்ளலைப் பிடித்தால் வந்துவிடும். மாதாமாதம் ஃபில்டர், மருந்து, நர்ஸ் சம்பளம், தண்ணீர் சுத்திகரிப்பு, இதுதான் பெரியது. சேர்த்துக்கொண்ட நோயாளியை நடுவில் விடவே முடியாது, நிறுத்தினால் சில வாரத்துக்குள் இறந்துவிடுவார். ஆகவே என் அழுத்தமான யோசனை: ஒரு நோயாளியைச் சேர்க்கும் முன் குறைந்தது இரண்டு வருடச் செலவு கையில் இருக்கட்டும். இல்லையென்றால் 24 என்று போர்டு போடாமல் எட்டுப் பேரோடு ஆரம்பியுங்கள்.

தண்ணீர் என்றேன். ஒரு முறை டயாலிசிஸ் செய்யச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் குடிநீர் நிலையம் அடித்துக்கொண்டு போய், அந்த ஊருக்கு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை, மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நிலையில் உங்கள் யூனிட் என்ன செய்யும்? ஜோஜோ தண்ணீர் டேங்க் எத்தனை, டேங்கர் யார் கொண்டுவருவார்கள், கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், எல்லாவற்றையும் திறப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

கண்புரைக்கு நமக்கு மதுரையே பாடம். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர்களின் கட்டணத்தை வைத்து, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்தார். 1992ல் சொந்தமாக லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்து விலையைத் தடாலென்று இறக்கினார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேலையைப் பிரித்துக்கொடுக்கும் முறையை. டாக்டர் கத்தி பிடிக்கிற வேலையை மட்டும் செய்வார், பார்வை பார்ப்பது, அளவெடுப்பது, சொட்டு மருந்து போடுவது, விளக்கிச் சொல்வது எல்லாம் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வார்கள். ஒரு நோயாளி எழுந்து போவதற்குள் அடுத்தவர் தயாராக இருப்பார். ஒரு ஆபரேஷன் தியேட்டர், வாரம் ஒரு சனிக்கிழமை, இரண்டு கண் டாக்டர்கள் என்று தொடங்கினால்கூட அரசுப் பட்டியலில் நன்றாகத் தெரியும் அளவுக்குக் குறையும். ஒரு நிபந்தனை: பணம் கொடுக்கிறவருக்குத் தனி அறை கொடுங்கள், பரவாயில்லை, ஆனால் டாக்டரும் தியேட்டரும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், லென்ஸின் தரத்தில் குறை வைக்காதீர்கள், பட்டியலில் முந்திப் போக யாரையும் விடாதீர்கள்.

வாசலும் கடிதமும்

ஜோஹனஸ்பர்க் பார்க்டவுனில் நெல்சன் மண்டேலா குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. நன்கொடையில் கட்டி 2016 இறுதியில் திறந்தார்கள். அங்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்ச் சேர்க்க முடியாது. வேறொரு மருத்துவமனை அனுப்ப வேண்டும். நம் டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனையும் அப்படித்தான், அது அரசுடையது. முதலில் கேட்டால் கடுமையாகத் தோன்றும், யோசித்தால் நியாயம் புரியும். யார் அதிகம் காத்திருக்கிறார், யாருக்கு அவசரம் என்று அனுப்புகிற ஆஸ்பத்திரிக்குத்தான் தெரியும். நீங்கள் தனி வாசல் திறந்தால், கார் வைத்திருப்பவரும் கமிட்டியில் ஆள் தெரிந்தவரும்தான் முதலில் உள்ளே வருவார்கள்.

ஆகவே நோயாளி அரசு ஆஸ்பத்திரியின் ரெஃபரல் கடிதத்தோடு வரட்டும். உங்கள் ஃபைலின் மேல் அவர்களுடைய ஃபைல் எண்ணையே எழுதுங்கள். வேலை முடிந்ததும் ஒரு பக்கத்தில் பதில் கடிதம் போக வேண்டும்: என்ன செய்தோம், எந்தத் தேதியில், என்ன மருந்து எந்த அளவில், என்ன ஒவ்வாமை, அடுத்து யார் எப்போது பார்க்க வேண்டும், சந்தேகம் என்றால் எந்த எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். கையெழுத்து புரிகிற மாதிரி, முடிந்தால் டைப் செய்து. ஒரு பிரதி நோயாளி கையில், இன்னொன்று கிளினிக் சிஸ்டருக்கு. தகவலை இப்படிப் பகிர நோயாளியின் சம்மதத்தைச் சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதைக் கேட்கிறது.

மருந்து விஷயத்தில் பல நல்ல டாக்டர்களே தவறுகிறார்கள். அரசிடம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது, அதில் உள்ளதைத்தான் கிளினிக்கில் கொடுப்பார்கள். மெட்ஃபார்மின், என்பிஎச் இன்சுலின், அம்லோடிபின், எனலாப்ரில், சிம்வாஸ்டாட்டின் இப்படி. உங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் புதிய விலையுயர்ந்த இன்சுலினை ஆரம்பித்துவிட்டு, "இனி கிளினிக்கில் வாங்கிக்கொள்ளம்மா" என்று அனுப்பினால் அந்த அம்மா எங்கே போவார்? கிளினிக்கில் அது இல்லை, பார்மசியில் வாங்கக் காசு இல்லை, இரண்டு மாதத்தில் சர்க்கரை ஏறி மறுபடி காசுவல்டிக்கு வருவார். அரசின் பட்டியலையும் சிகிச்சை வழிமுறையையும் அப்படியே பின்பற்றுங்கள். மிகவும் அவசியமானால் மட்டும், அனுப்பிய டாக்டரோடு பேசிவிட்டு மாற்றுங்கள்.

ஆள் சேர்ப்பது

அரசு வார்டிலிருந்து நல்ல சிஸ்டரை அதிகச் சம்பளம் கொடுத்து இழுத்துக்கொண்டால் நீங்கள் யாருக்கு உதவினீர்கள்? அங்கே ஒரு ஷிஃப்ட் காலி, இங்கே ஒரு ஷிஃப்ட் நிரப்பியாயிற்று. அரசுச் சம்பள அளவையே வையுங்கள். ஓய்வு பெற்ற நர்ஸுகள் நம் பகுதிகளில் நிறைய இருக்கிறார்கள், வாரத்தில் இரண்டு நாள் வரச் சொன்னால் சந்தோஷமாக வருவார்கள், புதிதாக வருகிறவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அவர்களைவிட்டால் ஆள் கிடையாது. அரசு டாக்டர் சனிக்கிழமை உங்களிடம் ஆபரேஷன் செய்ய வேண்டுமானால், வெளி வேலைக்கு அவர் துறையிடம் எழுத்தில் அனுமதி பெற்றிருக்க வேண்டும். அந்த அனுமதிக் காகிதம் உங்கள் ஃபைலில் இருக்கட்டும்.

இன்னொரு பக்கம், படித்து முடித்த இளம் டாக்டர்கள் வேலையில்லாமல் இருக்கிறார்கள். தேவையான டாக்டர் இல்லாத நாட்டில், பட்ஜெட் இல்லை என்று டாக்டருக்கு வேலை இல்லை. 2025 ஏப்ரலில் சுகாதார அமைச்சர் ஆரோன் மோட்சோலெடி 1,200 டாக்டர்களை எடுக்கப்போவதாக அறிவித்தார், அந்த அளவுக்குப் பிரச்சினை முற்றியிருந்தது. உங்கள் அறக்கட்டளை ஒரு வருடத்துக்கு இரண்டு டாக்டர் சம்பளத்தைக் கொடுத்து, அவர்கள் பாதி வாரம் உங்களிடமும் பாதி வாரம் அரசு ஓபிடியிலும் வேலை செய்ய மாகாணத்தோடு ஒப்பந்தம் போட முடியுமா என்று பேசிப் பாருங்கள். என்னைக் கேட்டால், ஒரு புதிய மாடி கட்டுவதைவிட இதில் பலன் அதிகம்.

பணம்

மெக்கார்ட் ஆஸ்பத்திரியின் கதையை ஒவ்வொரு டிரஸ்டியும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஜேம்ஸ் மெக்கார்ட் என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் 1909ல் டர்பனில் தொடங்கியது. பலரும் சேர்த்துக்கொள்ளாத காலத்தில் சூலுப் பெண்களை நர்ஸாகப் பயிற்றுவித்தது. எச்ஐவி உச்சத்தில் இருந்தபோது ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்து கொடுத்தது. நோயாளி கட்டணமும் மாகாண மானியமும்தான் அதைத் தாங்கி நின்றன. மானியம் போனது, டிரஸ்டிகளால் தாங்க முடியவில்லை, 2014ல் மாகாண அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது அரசுக் கண் மருத்துவமனை. கட்டடம் மக்களுக்கே பயன்படுகிறது என்பது ஆறுதல். ஆனால் நூறு வருடத்துக்கு மேல் நின்ற ஒரு தர்ம ஸ்தாபனம், ஒரு வரவு நின்றதும் நிலைகுலைந்தது. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது எத்தனையோ எச்ஐவி சேவை அமைப்புகள் கதவைச் சாத்தின, அதுவும் இதே கதைதான்.

எந்த ஒரு வாசலிலிருந்தும் பாதிக்கு மேல் பணம் வரக் கூடாது, இது என் கணக்கு. கொடுக்க முடிந்த நோயாளியின் கட்டணம் ஒரு பங்கு, மாகாணத்தோடு போட்ட ஒப்பந்தத்தின்படி செய்த வேலைக்கான பணம் ஒரு பங்கு, சமுதாய நன்கொடை ஒரு பங்கு. மாகாணத்தோடு பேசும்போது "உதவி செய்யுங்கள்" என்று போகாதீர்கள். "ஒரு கண்புரை ஆபரேஷனுக்கு இவ்வளவு, வருடத்துக்கு இத்தனை செய்கிறோம்" என்று விலையோடு போங்கள். பில் கொடுத்த 30 நாளில் பணம் வர வேண்டும் என்று விதி இருக்கிறது, அது வரும் என்று நம்பிச் சம்பள நாளை வைக்காதீர்கள். ஆறு மாதச் சம்பளத்துக்கான தொகை வங்கியில் தொடாமல் இருக்கட்டும்.

பொது நிதி மேலாண்மைச் சட்டத்தின் 38வது பிரிவின்படி, ஒரு துறை உங்களுக்குப் பணம் மாற்றுவதற்கு முன், நீங்கள் நிதியைத் திறமையாகவும் வெளிப்படையாகவும் நிர்வகிக்கிறீர்கள் என்று எழுத்தில் உறுதி கேட்க வேண்டும். ஆகவே தணிக்கை செய்த கணக்கு முதல் வருடத்திலிருந்தே இருக்கட்டும். சங்கக் கணக்கும் ஆஸ்பத்திரிக் கணக்கும் ஒரே வங்கிக் கணக்கில் கலக்கவே கூடாது. காவடிக்கு வந்த பணம் காவடிக்கு, டயாலிசிஸுக்கு வந்த பணம் டயாலிசிஸுக்கு.

காகிதங்கள், சுருக்கமாக: லாப நோக்கமற்ற கம்பெனியாகப் பதிவு, சமூக மேம்பாட்டுத் துறையில் லாப நோக்கமற்ற அமைப்பு (என்பிஓ) என்ற பதிவு, வரி வசூலிக்கும் துறையான சார்ஸிடம் பொதுநல அமைப்பு அங்கீகாரம். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அனுமதி வாங்கினால் நன்கொடை கொடுப்பவர் தன் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம், வியாபாரிகளிடம் பேச இது நல்ல பிடி. தனியார் மருத்துவமனைக்கு மாகாணத்தின் உரிமம் வேண்டும். 1980ல் வந்த ஆர்158 என்ற விதியின்படி, அந்த இடத்துக்கு இந்த ஆஸ்பத்திரி தேவைதான் என்று நீங்கள் காட்ட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் கேட்ட அந்த மூன்று கேள்விக்கான பதில்கள் இங்கேதான் கைகொடுக்கும். டாக்டர்களை நேரடியாகச் சம்பளத்துக்கு வைக்க மருத்துவக் கவுன்சிலின் ஒப்புதல் தேவை. பார்மசிக்குத் தனி உரிமம். தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் 2024 மே 15ல் அதிபர் ராமபோசா கையெழுத்திட்டார், அதை எதிர்த்து வழக்குகளும் வந்துவிட்டன. அந்தக் காப்பீட்டுப் பணத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள், ஆனால் சுகாதாரத் தர அலுவலகம் கேட்கிற தரத்தில் இப்போதே நடத்துங்கள், எந்த ஒப்பந்தம் வந்தாலும் அதைத்தான் கேட்பார்கள்.

இதையெல்லாம் அலுப்பு பிடித்த வேலை என்று தள்ளுகிறவர்களுக்கு லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மனநலப் பராமரிப்பு நிறுவனத்தின் கதையை ஞாபகப்படுத்துகிறேன். 2016ல் கௌடெங் மாகாணம், செலவைக் குறைக்கிறோம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனநோயாளிகளை அங்கிருந்து எடுத்துத் தொண்டு நிறுவனங்களிடம் அனுப்பியது. பலவற்றுக்கு முறையான உரிமம் இல்லை, ஆள் இல்லை, சாப்பாடுகூடச் சரியாக இல்லை. 144 பேர் இறந்தார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி டிக்காங் மோசெனேகே முன்னால் குடும்பத்தினர் ஒவ்வொருவராக வந்து சொன்னதைக் கேட்டு நாடே அழுதது. அந்த நிறுவனங்களில் சிலவற்றை நல்ல மனதோடுதான் தொடங்கியிருப்பார்கள். அரசு அதிகாரி போன் செய்து "இன்னும் 30 பேரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும்போது, எங்களால் 12 பேரைத்தான் பார்த்துக்கொள்ள முடியும் என்று மறுக்கிற தைரியம் உங்கள் மேனேஜருக்கு இருக்க வேண்டும், அந்த 12 என்ற எண் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

யாருக்காக

சிலருக்கு இது கசக்கும், இருந்தாலும் சொல்கிறேன். தமிழர் பணத்தில் கட்டியது, ஆகவே தமிழருக்கு முதலிடம் என்று யாராவது கேட்பார்கள். கூடாது. அரசு வரிசையில் சாட்ஸ்வொர்த் ஆயாவுக்குப் பக்கத்தில் உம்லாசியிலிருந்தும் வெல்பெடாக்டிலிருந்தும் வந்த கோகோ, அதாவது சூலுப் பாட்டி, உட்கார்ந்திருக்கிறார், இருவருக்கும் ஒரே கண்புரை. வரிசையில் முன்னால் யாரோ அவருக்குத்தான் முதலில். வரவேற்பில் சூலு பேசுகிறவர் கட்டாயம் வேண்டும், ஆபரேஷன் சம்மதப் படிவம் சூலுவிலும் இருக்க வேண்டும், டிரஸ்டிகளிலும் அந்தப் பகுதிகளின் ஆட்கள் இருக்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே விழுந்த காயம் பீனிக்ஸ் பக்கம் இன்னும் ஆறவில்லை. ஒருவருக்கொருவர் பயந்து ஒதுங்கியிருக்கிற ஊரில், அவர்களுடைய அம்மாவின் கண்ணை நாம் திறந்து கொடுத்தால் அது பேச்சுவார்த்தையைவிட அதிகம் பேசும். கோயில் படம் வைக்க ஆசை இருந்தால் கமிட்டி அறையில் வையுங்கள், வார்டில் வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்க அறிக்கையை வாசலில் ஒட்டுங்கள். எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள், எத்தனை பேருக்குச் செய்தோம், சராசரி எத்தனை நாள் காத்திருந்தார்கள், எத்தனை பேருக்குத் தொற்று வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள். கூடவே அரசு ஆஸ்பத்திரியின் பட்டியல் இப்போது எவ்வளவு என்பதையும் கேட்டு எழுதுங்கள். நீங்கள் 400 ஆபரேஷன் செய்தும் அங்கே பட்டியல் குறையவில்லை என்றால், அங்கே வராத புதியவர்களுக்குத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், வாசலைச் சரிபாருங்கள்.

கையில் பணம் குறைவா? ஆஸ்பத்திரி இல்லாமலே நிறையச் செய்யலாம். நாட்பட்ட நோய்க்காரர்கள் மாத்திரையைக் கிளினிக்கில் வரிசை நிற்காமல் வீட்டுக்குப் பக்கத்தில் வாங்கிக்கொள்ளும் திட்டம் 2014லிருந்து நடக்கிறது, டப்லாப்மெட்ஸ் என்று இப்போது சொல்கிறார்கள். உங்கள் கோயில் ஹாலை அப்படி ஒரு மருந்து வாங்கும் இடமாக்க முடியுமா என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். கண் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தும் வண்டி இல்லாமல் தவறவிடுகிற முதியவர்களுக்கு ஒரு வேன் ஓட்டுங்கள், காலியாகப் போகிற ஒவ்வொரு ஆபரேஷன் நேரமும் அரசுக்கு நஷ்டம். ஹாஸ்பிஸ் (கடைசிக்காலப் பராமரிப்பு) நர்ஸ் வீடு வீடாகப் போவதற்குப் பெட்ரோல் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். அப்புறம், தேசிய சுகாதாரச் சட்டப்படி ஒவ்வொரு அரசு கிளினிக்குக்கும் ஒரு கமிட்டியும் ஆஸ்பத்திரிக்கு ஒரு போர்டும் இருக்க வேண்டும். உங்கள் கிளினிக்கில் அந்தக் கமிட்டி கடைசியாக எப்போது கூடியது என்று சிஸ்டரிடம் விசாரியுங்கள். அது கூடியதே இல்லை என்றால், சங்கத்திலிருந்து இரண்டு பேர் பெயரைக் கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள், அதற்கு ஒரு ரேண்டும் ஆகாது.